'பிக்' வேறு, 'பிக் அப்' வேறா? நடுவில் மாட்டிக்கொண்டேன்

பாதிக்கிணறு எழுதியது:

வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

வேலை விஷயமாக வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார். விமான நிலையத்துக்குப் போய் அவரை அழைத்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஐ வில் பிக் யூ அட் ஃபைவ்" என்று மெயில் போட்டேன். அவர் "தேங்க்ஸ் ஃபார் பிக்கிங் மீ! ஹூ எல்ஸ் வாஸ் இன் தி ரன்னிங்?" என்று பதில் எழுதி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். பத்து நிமிடம் முழித்த பிறகுதான் புரிந்தது, நான் அவரை ஏதோ போட்டியில் தேர்வு செய்துவிட்டேனாம், வேறு யாரெல்லாம் போட்டியில் இருந்தார்கள் என்று கேட்கிறார்.

இது முதல் முறை இல்லை என்பதுதான் வருத்தம். போன மாதம் ஒரு கூட்டம் இழுத்துக்கொண்டே போனதும் மேலாளர் "லெட்ஸ் பிக் திஸ் அப் டுமாரோ" என்று சொல்லி முடித்தார். என் முன்னால் ஒரு ஃபைல் இருந்தது. சரி, நாளைக்கு யாரோ வந்து இதை எடுத்துப் போவார்கள் போல என்று நினைத்து, மறுநாள் காலை அதை அழகாகக் கட்டி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கு, கூட்டம் ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிறது, எங்கே இருக்கிறீர்கள் என்று போன்தான் வந்தது.

சரி என்று அகராதியைத் திறந்தால் 'பிக் அப்' என்பதன் கீழே பொருள் இறங்கிக்கொண்டே போகிறது. தூக்குவது, அழைத்துவருவது, கற்றுக்கொள்வது, நோய் ஒட்டுவது, போலீஸ் பிடிப்பது, வியாபாரம் தேறுவது, பில் கட்டுவது. இதற்கெல்லாம் நடுவில் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா, இல்லை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்தானா? அப்புறம் அந்த 'இட்', 'மீ' எல்லாம் எங்கே வரவேண்டும்? சிலர் நடுவில் போடுகிறார்கள், சிலர் கடைசியில்.

நடுநிசி எழுதியது:

அந்த வெளிநாட்டுக்காரர் நல்ல மனிதர், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். 

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 'பிக்' தனியாக வந்தால் பலவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அல்லது பூ, பழம் மாதிரி எதையாவது பறிப்பது. 'அப்' சேர்ந்தால்தான் கீழே கிடப்பதை எடுப்பது, நிற்கும் ஆளை வண்டியில் ஏற்றிக்கொள்வது. நமக்கு இது குழம்புவதற்குக் காரணம் நம் 'பொறுக்கு' என்று நினைக்கிறேன். சிந்திய மணியையும் பொறுக்குகிறோம், 'பொறுக்கியெடுத்த வார்த்தைகள்' என்று தேர்வையும் அதே சொல்லால் சொல்கிறோம். ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு 'அப்' உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதே தப்பின் இன்னொரு முகம்: "ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்". நம் ஊர் ஆங்கிலத்தில் இதை எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் புரியவும் செய்கிறது, அதனால் நமக்குள் பேசும்போது நான் யாரையும் திருத்தப் போவதில்லை. ஆனால் வெளியாள் காதில் அது "என் அழைப்பை அவர் தேர்ந்தெடுக்கவில்லை" என்று விழும். "ஹி இஸ் நாட் பிக்கிங் அப்" என்று நிறுத்திக்கொள்ளலாம், 'கால்' என்ற சொல்லே வேண்டாம். அல்லது "நாட் ஆன்சரிங்".

போனுக்கு ஏன் 'பிக் அப்' என்றால், அந்தக் காலத்துப் போனில் ரிசீவரைக் கையால் தூக்கினால்தான் பேச முடியும். பேசி முடித்ததும் கொக்கியில் மாட்டினார்கள், அதனால் 'ஹேங் அப்'. இன்றைக்குக் கொக்கியும் இல்லை, தூக்குவதும் இல்லை, கண்ணாடித் திரையில் விரலால் ஒரு இழுப்புதான், வினைச்சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. நாமும் அதையேதான் செய்கிறோம். சட்டைப்பையில் கிடக்கும் போனுக்கு ப்ளூடூத்தில் பதில் சொல்பவனிடம் "போனை எடுக்க இவ்வளவு நேரமா?" என்கிறோம், கோபம் வந்தால் "போனை வை" என்கிறோம். எங்கே வைப்பது?

அகராதிப்பூச்சி எழுதியது:

சம்பந்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நான் வருகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், இதைக் கண்டு மிரளவேண்டாம். நம்மிடமும் இந்த ஜாதிச் சொற்கள் ஏராளம். 'காட்டிக்கொடு' என்பதில் காட்டுவதும் கொடுப்பதும் தனித்தனியாகப் பார்த்தால் ரொம்பச் சாதுவான வேலைகள், சேர்ந்தால் துரோகம். 'விட்டுக்கொடு', 'கண்டுபிடி', 'ஒத்துப்போ' எல்லாமே இப்படித்தான். இவற்றை நாம் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்வதில்லை, முழுசாக ஒரே சொல்லாக வாங்கி வைத்திருக்கிறோம். 'பிக் அப்' என்பதையும் அப்படி ஒரே சொல்லாக வாங்கிக்கொள்ளுங்கள், 'பிக்' என்பதோடு 'அப்' என்பதைக் கூட்டிப் பார்த்து விடை கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

பொருள் நிறைய இருக்கிறது என்று புகார் சொல்வதற்கு முன் தமிழ் கற்க வரும் ஒருவரின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். நாம் பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம், சம்பளத்தில் பிடிக்கிறார்கள், மழை பிடித்துக்கொள்கிறது, தீப்பிடிக்கிறது, கால் பிடித்துவிடுகிறோம், கடைசியில் ஒருவரை மனசுக்கும் பிடித்துப்போகிறது. அந்த ஆள் எங்கே போய் அழுவான்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு காட்சிதான் இருக்கிறது: ஒன்று கீழே கிடக்கிறது, போகிற வழியில் குனிந்து எடுத்துக்கொண்டு மேலே போகிறோம். இந்தக் காட்சியில் எந்தப் பகுதியை அழுத்துகிறோமோ அதற்கேற்ப பொருள் கிளைவிடுகிறது.

'எடுத்துக்கொண்டு போவது' என்பதை அழுத்தினால் ஆளை வண்டியில் ஏற்றுவது, பார்சலை வாங்கிக்கொண்டு வருவது, வீட்டுக்குப் போகிற வழியில் பால் வாங்குவது, போலீஸ் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது எல்லாம் வரும். 'பில்' இதில்தான் சேரும். மேசை நடுவில் கிடக்கிற சீட்டை யார் கையில் எடுக்கிறாரோ அவர்தான் பணம் கட்டுகிறார். "ஐ வில் பிக் அப் தி பில்" என்று யாராவது சொன்னால் தடுக்காதீர்கள்.

'போகிற வழியில்' என்பதை அழுத்தினால் எனக்கு ரொம்பப் பிடித்த கிளை வரும். அதாவது மெனக்கெடாமல், அதற்கென்று உட்காராமல், தானாக வந்து ஒட்டிக்கொள்வது. "ஷி பிக்ட் அப் ஃப்ரெஞ்ச் இன் சிக்ஸ் மந்த்ஸ்" என்றால் அவள் வகுப்புக்குப் போய் இலக்கணம் படித்தாள் என்று பொருள் இல்லை, அந்த மொழி பேசுகிறவர்கள் நடுவில் புழங்கிப் புழங்கி வந்துவிட்டது என்று பொருள். கேள்வி ஞானம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அதனாலேயே, நாலு வருடம் கஷ்டப்பட்டுப் படித்த படிப்பை வேலைக்கான விண்ணப்பத்தில் 'பிக்ட் அப்' என்று எழுதிவிடாதீர்கள், ஏதோ போகிற போக்கில் கிடைத்தது மாதிரித் தொனிக்கும். பழக்கம், பேச்சின் சாயல், கெட்ட வார்த்தை இவையும் இப்படி ஒட்டிக்கொள்பவைதான்.

நோயும் இங்கேதான் வருகிறது. கவனித்தீர்களா, தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது, நாம் பாவம் பிடிபட்டவர்கள். ஆங்கிலத்தில் "ஐ பிக்ட் அப் எ கோல்ட்", நாமே எங்கேயோ போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வருகிறோம். யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்பதே தலைகீழ். ரேடியோ அலையைப் பிடிப்பது, ரேடார் ஒரு விமானத்தைக் கண்டுகொள்வது, நாய் மோப்பம் பிடிப்பது இவையும் இதே கிளைதான், காற்றில் இருப்பதை எட்டி எடுத்துக்கொள்வது.

'மேலே' என்பதை அழுத்தினால் தேறுவது வரும். "பிசினஸ் இஸ் பிக்கிங் அப்", மந்தமாகக் கிடந்தது எழுந்திருக்கிறது. காற்று, வேகம் இரண்டுக்கும் இதுவேதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், வியாபாரத்தை யாரும் தூக்கிவிடவில்லை, தானே எழுகிறது, அதனால் பின்னால் எந்தப் பொருளும் வராது. 'காட் பிக்ட் அப்' என்றெல்லாம் சேர்த்துவிடாதீர்கள், நான் அறிக்கைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் ஃபைல். பின்னுகிற வேலையைப் பாதியில் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறோம், மறுநாள் வந்து விட்ட இழையை எடுத்துத் தொடர்கிறோம் இல்லையா, "லெட்ஸ் பிக் திஸ் அப் டுமாரோ" என்பது அதுதான். 'திஸ்' என்றது பேச்சை, ஃபைலை இல்லை. நீங்கள் அதைக் கட்டி வைத்த அழகுக்காகவாவது யாராவது வந்து வாங்கிப் போயிருக்கலாம்.

சுருக்குப்பை எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு? அழைத்துவர 'கலெக்ட்', போனுக்கு 'ஆன்சர்', தொடர்வதற்கு 'கன்டின்யூ', தேறுவதற்கு 'இம்ப்ரூவ்', கற்றுக்கொள்ள 'லேர்ன்'. ஒவ்வொன்றுக்கும் ஒரே அர்த்தம், குழப்பமே இல்லை. நான் பதினைந்து வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன், யாரும் என்னைக் கேலி செய்ததில்லை.

அகராதிப்பூச்சி எழுதியது:

எழுத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக் கட்டுரையிலோ ஒப்பந்தத்திலோ ஒற்றைச் சொல்தான் அழகு. ஆனால் பேச்சில் எப்போதும் 'கன்டின்யூ' என்றே சொன்னால், வீட்டுக்குள் "அன்னையே, உணவு ஆயத்தமா?" என்று கேட்பது போல இருக்கும். அதைவிட முக்கியமாக, நீங்கள் சொல்லாமல் தப்பிக்கலாம், கேட்காமல் தப்பிக்க முடியாதே. பாதிக்கிணறு அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டது தப்பாகப் பேசியதால் இல்லை, காதில் விழுந்தது பிடிபடாததால்.

தவிர, இது நம் குறை மட்டும் இல்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதி முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்கு மிகப் பெரிய கஷ்டம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துக்காட்டுகளும் கொடுக்கிறார். அதில் 'டேக் ஆஃப்' என்பதற்கு அவர் சொல்லும் பொருள் நகல் செய்வது, விமானம் அன்றைக்கு ஏது? 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியதே ரொம்பப் பின்னால், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய ஒரு நூல் வழியாக. அந்தப் பெயரை அவருக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் வைக்கும் முன்பே அடி வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இடைச்சொல் எழுதியது:

'இட்' எங்கே போடுவது என்ற கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

பையின் பெயரைச் சொன்னால் இரண்டு விதமும் சரி: "பிக் அப் தி பேக்", "பிக் தி பேக் அப்". பெயருக்குப் பதில் 'இட்', 'மீ', 'ஹிம்', 'தெம்' மாதிரிச் சொல் வந்தால் நடுவில்தான் வரவேண்டும், வேறு வழி இல்லை. "பிக் இட் அப்" சரி, "பிக் அப் இட்" தப்பு. அதனால் உங்கள் மெயிலில் "ஐ வில் பிக் யூ அப் அட் ஃபைவ்" என்று இருந்திருக்க வேண்டும். பெயர் ரொம்ப நீளமாக இருந்தால், அதாவது 'நேற்று நீ கதவுக்குப் பக்கத்தில் மறந்துவிட்டுப் போன அந்தக் கறுப்புப் பை' என்று போய்க்கொண்டே இருந்தால், 'அப்' என்பதை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அது வருவதற்குள் கேட்கிறவருக்கு ஆரம்பம் மறந்துபோகும்.

கூடவே 'ஆன்' வந்தால் கதை மாறிவிடும். 'பிக் அப் ஆன்' என்பது வாய்விட்டுச் சொல்லாததைப் புரிந்துகொள்வது, நம்மிடம் குறிப்பறிதல் என்று இருக்கிறதே அது. நீங்கள் சிரித்துக்கொண்டே பேசினாலும் உள்ளே வருத்தம் இருப்பதை ஒரு தோழி கண்டுகொண்டால் "ஷி பிக்ட் அப் ஆன் இட்". இங்கே மூன்றும் ஒட்டியே நிற்கும், 'இட்' கடைசியில்தான். 'ஆஃப்டர்' வந்தால் ஒருவர் போட்டுவிட்டுப் போவதையெல்லாம் பின்னாலேயே போய் எடுத்து வைப்பது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உச்சரிப்பும் ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வினையாக வந்தால் அழுத்தம் 'அப்' மேல் விழும். பெயர்ச்சொல்லாக வந்தால் ஒரே சொல்லாகி, அழுத்தம் 'பிக்' மேல் விழும். நாம் இந்தப் பெயர்ச்சொல்லைத்தான் தமிழுக்குள் இழுத்துக்கொண்டோம்: பிக்கப் பாயிண்ட், பிக்கப் டிராப், "வண்டியில பிக்கப்பே இல்லை". அப்புறம் வினை தேவைப்பட்டபோது அதோடு ஒரு 'பண்ணு' ஒட்டி 'பிக்கப் பண்ணிக்கோ' ஆக்கிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலம் பேசும்போதும் 'பிக்' என்பதை அடித்து 'அப்' என்பதை விழுங்கிவிடுகிறோம். எழுதும்போது அது காணாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நடுநிசி எழுதியது:

ஒரு எச்சரிக்கை, யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். வண்டி, நேரம், இடம் எதுவும் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரை விருந்தில் 'பிக் அப்' செய்தேன் என்று சொன்னால் பேச்சுக்கொடுத்து மடக்கினேன் என்று அர்த்தம். அலுவலகச் சக ஊழியரைப் பற்றிச் சொல்லும்போது "ஃப்ரம் தி ஸ்டேஷன்" என்று எங்கிருந்து என்பதையும் சேர்த்துவிடுங்கள், குடும்பத்துக்கு நல்லது.

பாதிக்கிணறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அந்தக் 'குனிந்து எடுத்துக்கொண்டு மேலே போவது' படத்துக்கு. அதை வைத்து நானே நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்.

"தி விண்ட் பிக்ட் அப் இன் தி ஈவினிங்."
"ஐ பிக்ட் அப் திஸ் ஹாபிட் ஃப்ரம் மை ரூம்மேட்."
"ஐ பிக்ட் அப் எ ஹெடேக் இன் தி மீட்டிங்."
"யுவர் பார்சல் இஸ் ரெடி, ப்ளீஸ் பிக் இட் அப்."

இன்னொன்று. 'டேக் அப்' என்றும் ஒன்று கேட்டிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

அகராதிப்பூச்சி எழுதியது:

இல்லை. 'டேக் அப்' புதிதாக ஒன்றைக் கையில் எடுப்பது: ஓவியம் கற்க ஆரம்பிப்பது, ஒரு பிரச்சினையை மேலிடத்துக்குக் கொண்டுபோவது. முடிவு செய்து இறங்குவது அது, தானாக ஒட்டுவது இது. ஓவிய வகுப்பில் சேர்ந்தீர்கள் என்றால் 'டேக் அப்'. அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து பென்சிலைக் காதில் செருகும் பழக்கம் வந்துவிட்டது என்றால் 'பிக் அப்'.

உங்கள் நாலில் மூன்றாவதுதான் இடிக்கிறது. தலைவலி யாரிடமிருந்தும் ஒட்டிக்கொள்வதில்லை, உள்ளிருந்தே வருவது, அதனால் "ஐ காட் எ ஹெடேக்". சளி, காய்ச்சல், வயிற்றுத் தொற்று மாதிரி வெளியிலிருந்து வருவதற்குத்தான் 'பிக் அப்'. அந்தக் கூட்டத்தில் தலைவலி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது என்று நீங்கள் சாதித்தால், உங்கள் மேலாளரை நினைத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற மூன்றும் சரி.